மதுக் கட்டுப்பாடும் மக்கள் கருத்தும்: தமிழ்நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

மதுவைக் கட்டுப்படுத்தும் அரசின் கொள்கைகளைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற கேள்வி, தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் கேட்கப்பட்டு வந்திருக்கிறது: மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா? தேர்தல் அறிக்கைகளும் தொலைக்காட்சி விவாதங்களும் பட்டிமன்றங்களும் இந்த இரண்டு விடைகளுக்குள்ளேயே நின்றுவிடுவதால், கடை எந்த இடத்தில் இருக்கலாம், எத்தனை மணிக்குத் திறக்கலாம், என்ன விலைக்கு விற்கலாம், யாருக்கு விற்கக் கூடாது, விற்று வரும் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்பன போன்ற கேள்விகள் மக்கள் கருத்து என்னும் கணக்கில் சேராமலே போயின. மதுக் கட்டுப்பாடு என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவது இந்தப் பரப்பு முழுவதையும்தான். முழு மதுவிலக்கு அதன் ஒரு முனை மட்டுமே. இந்தப் பரப்பில் மக்களின் கருத்து எந்த இடத்தில் உறுதியாக நிற்கிறது, எந்த இடத்தில் தள்ளாடுகிறது என்று பார்த்தால், மாநிலம் முழுவதற்குமான கொள்கையைப் பற்றிக் கேட்கும்போது தெளிவில்லாமலும் முரண்பட்டும் இருக்கும் கருத்து, தங்கள் ஊரையும் தெருவையும் பற்றிய கேள்வி எழும்போது ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படுவதைக் காணலாம். அந்தத் தெளிவான கருத்தைக் கேட்டுப் பதிவு செய்வதற்கான ஏற்பாடுதான் தமிழ்நாட்டின் சட்டத்தில் இன்றளவும் இல்லை.

கருத்தை அளப்பதற்கு முன், யாருடைய கருத்து அளக்கப்படுகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினர் மது அருந்துவதாகச் சொன்னார்கள். பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வீட்டு வாசலில் நின்று கேட்கும் கணக்கெடுப்பாளரிடம் தாமாகவே ஒப்புக்கொண்டவர்களின் அளவு இது என்பதால், உண்மை நிலவரம் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்க முடியும். கேட்பவர் எதிர்பார்க்கும் நல்ல விடையைச் சொல்லிவிடும் இந்த இயல்பைக் கருத்தாய்வுத் துறை விருப்பச் சாய்வு என்று கொண்டு, மது, லஞ்சம், சாதி போன்ற பொருள்களில் அதற்குத் தனியாக இடம் ஒதுக்கிக் கணக்கிடுகிறது. சாய்வைக் கழித்துப் பார்த்தாலும், தமிழ்நாட்டில் வாக்குரிமை உள்ளவர்களில் குடிக்காதவர்களே பெரும்பான்மையினர் என்பது மாறாது. ஆகவே மதுவிலக்குக்கு ஆதரவு என்று சொல்பவர்களில் பெரும்பகுதியினர், தாங்கள் எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லாத ஒரு கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்களாக இருக்கிறார்கள்.

இதை வைத்து அந்த ஆதரவை மதிப்புக் குறைந்தது என்று ஒதுக்கிவிட முடியாது. அதே குடும்ப நல ஆய்வு, இந்திய அளவில், அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவர்களைக் கொண்ட பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் கணவரிடமிருந்து வன்முறையை அனுபவித்திருப்பதாகவும், குடிக்காத கணவர்களைக் கொண்ட பெண்களிடையே அது ஏறத்தாழ 23 விழுக்காடு என்றும் காட்டுகிறது. மதுவை ஒரு சொட்டும் தொடாத பெண், அதன் விளைவை அடியாகவும், அடகு போன தாலியாகவும், பாதியில் நின்ற பிள்ளையின் படிப்பாகவும் தாங்குகிறாள். எனவே குடிக்காத ஆண் சொல்லும் "வேண்டாம்" என்பதையும், குடிப்பவனோடு ஒரே கூரையின் கீழ் வாழும் பெண் சொல்லும் "வேண்டாம்" என்பதையும் ஒரே எண்ணாகக் கூட்டிப் போடும் ஆய்வு, எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லிக் கருத்தைத் தவறாகச் சொல்கிறது. இவ்விரு தரப்பினருக்கும் அப்பால் மூன்றாவது தரப்பும் உண்டு. "கடை கண்ணில் படாமல் இருந்தால் குடிக்கத் தோன்றாது, மூடித் தொலைத்தால் நல்லது" என்று, கையில் குவார்ட்டருடன் நிற்பவர்களே சொல்வதைத் தமிழ்நாட்டில் எந்தக் கடை வாசலிலும் கேட்கலாம். தன் பழக்கத்தைத் தன்னால் கட்டுப்படுத்த முடியாதவன், வெளியிலிருந்து ஒரு கட்டுப்பாட்டை வேண்டி நிற்கும் இந்த நிலையை ஆம், இல்லை என்று மட்டும் கேட்கும் வினாத்தாள் பிடிப்பதில்லை.

உலகின் பல நாடுகளில் நடந்த கருத்தாய்வுகள் ஏறத்தாழ ஒரே ஒழுங்கைக் காட்டுகின்றன. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்குத் தண்டனை, குறைந்தபட்ச வயது வரம்பு, பள்ளிகளில் விழிப்புணர்வுக் கல்வி ஆகியவற்றுக்கு மக்களின் ஆதரவு மிக அதிகம். விலையை உயர்த்துதல், கடைகளையும் விற்பனை நேரத்தையும் குறைத்தல் ஆகியவற்றுக்கு ஆதரவு மிகக் குறைவு. உலக நல்வாழ்வு நிறுவனம், செலவைவிடப் பலன் மிகுந்தவை என்று பரிந்துரைக்கும் நடவடிக்கைகளோ வரியை உயர்த்துவது, விளம்பரத்தைத் தடுப்பது, மது எளிதில் கிடைப்பதைக் குறைப்பது ஆகிய மூன்றுமே. விழிப்புணர்வுப் பிரசாரம் மட்டும் தனியாக நின்று குடியைக் குறைத்ததற்கான சான்று மிகவும் மெலிந்தது. அதாவது, மக்கள் அதிகம் விரும்பும் நடவடிக்கை குறைவாகவும், குறைவாக விரும்பும் நடவடிக்கை அதிகமாகவும் பலன் தருகிறது. அரசுகள் இந்த இடைவெளியை வசதியாகப் பயன்படுத்திக்கொள்வதும் எங்கும் நடப்பதுதான். பேரணியும் உறுதிமொழியும் பாட்டில் மீது அச்சிட்ட எச்சரிக்கையும் எந்த அரசையும் ஒரு வாக்கைக்கூட இழக்க வைப்பதில்லை.

ஆனால் கருத்து ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம், மதுவில் உள்ள ஆல்கஹாலின் அளவுக்கு ஏற்ப ஒரு குறைந்தபட்ச விலையை நிர்ணயித்து அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது என்னும் சட்டத்தை 2012-இல் இயற்றியது. விஸ்கி உற்பத்தியாளர்களின் சங்கம் தொடுத்த வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை சென்று 2017 நவம்பரில் முடிந்த பிறகே, 2018 மே 1-இல் அது நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே நடந்த சமூக மனப்பான்மை ஆய்வுகளில், சட்டத்துக்கு ஆதரவு ஐந்தில் இரண்டு பங்கு என்பதிலிருந்து, நடைமுறைக்கு வந்தபின் ஏறத்தாழ பாதி என்ற நிலைக்கு உயர்ந்தது. மதுவை மட்டுமே நேரடிக் காரணமாகக் கொண்ட இறப்புகள், சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 13 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக 2023-இல் வெளியான அரசு மதிப்பீடு கூறியது. மதுவுக்கு முற்றிலும் அடிமைப்பட்ட ஏழைகளில் சிலர், உணவுச் செலவைக் குறைத்துக்கொண்டு குடித்ததையும் அதே மதிப்பீடு மறைக்காமல் பதிவு செய்தது. விலையேற்றத்தைப் பற்றித் தமிழ்நாட்டுப் பெண்கள் சொல்லும் குறை இதற்கு மிக அருகில் இருப்பது பின்னர் தெரியவரும்.

மக்களிடம் நேரடியாக வாக்கெடுத்த நாடுகளும் உண்டு. நார்வேயில் 1919-இல் மதுவிலக்குக்கு ஆதரவாகப் பத்தில் ஆறு பங்குக்கு மேல் விழுந்த வாக்கு, ஏழே ஆண்டுகளில் 1926-இல் எதிராகத் திரும்பியது. பின்லாந்தில் 1919 முதல் நடைமுறையில் இருந்த மதுவிலக்கு, கள்ளக்கடத்தலின் பெருக்கத்துக்குப் பின் 1931 டிசம்பரில் எடுக்கப்பட்ட வாக்கெடுப்பில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரால் நிராகரிக்கப்பட்டது. இவற்றுள் தமிழ் வாசகர் ஊன்றிப் பார்க்க வேண்டியது 1922 ஆகஸ்ட் 27-இல் சுவீடனில் நடந்த வாக்கெடுப்பு. அங்கே ஆண்களின் வாக்குகளும் பெண்களின் வாக்குகளும் தனித்தனியாக எண்ணப்பட்டன. மொத்தத்தில் 49-க்கு 51 என்ற மிகச் சிறிய வேறுபாட்டில் மதுவிலக்கு தோற்றது. ஆனால் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் ஆதரித்தும், ஆண்களில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் எதிர்த்தும் வாக்களித்திருந்தது எண்ணிக்கையில் வெட்டவெளிச்சமாயிற்று. ஒரே நாடு, ஒரே நாள், ஒரே கேள்வி. விடை மட்டும் இரண்டு. பெண்களின் கருத்து ஆண்களின் கருத்துக்குள் கரைந்து மறைந்துவிடாமல் தனியே பதிவானது என்பதே அந்த வாக்கெடுப்பு விட்டுச்சென்ற மிகப் பெரிய பாடம்.

தமிழ்நாட்டின் வரலாற்றில் இத்தகைய வாக்கெடுப்பு ஒருபோதும் நடந்ததில்லை. ராஜாஜி 1937 அக்டோபர் 1-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோதும், வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தபோதும், போர்க்காலத்தில் அது கைவிடப்பட்டபோதும், விடுதலையை ஒட்டி மாகாணம் முழுவதற்கும் விரிந்தபோதும், முடிவெடுத்தது அரசும் அதன் கொள்கையுமே. 1971-இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1974-இல் அதே அரசு மீண்டும் கொண்டுவந்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு கள்ளுக்கும் சாராயத்துக்கும் கடை திறந்தது. 1987 தொடக்கத்தில் அவற்றை மூடியது. மலிவு விலை மது வந்ததும் 1991-இல் ஜெயலலிதா அதை ஒழித்ததும் இதே வரிசையில் சேரும். இத்தனை திருப்பங்களிலும் சட்டத்தின் பெயர் 1937-இல் இருந்தபடி மதுவிலக்குச் சட்டம் என்றே நீடிக்கிறது. இன்று மதுக்கடை நடப்பதும் அந்தச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகளின்படிதான்.

கருத்தின் திசையை உண்மையில் மாற்றியது 2003 நவம்பர் 29. மொத்த விற்பனைக்காக 1983-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான டாஸ்மாக், அன்றிலிருந்து சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. தனியார் ஏலம் எடுத்து நடத்திய காலத்தில் மக்களின் கோபம் ஏலக்காரர் மீதும் அவரது ஆட்கள் மீதும் பாய்ந்தது. அரசு நடுவராகத் தோன்றியது. கடையே அரசுடையதான பிறகு, கோபத்தைத் தாங்கிக்கொள்ள இடையில் எவரும் இல்லை. 2003-04-இல் ஏறத்தாழ 3,600 கோடி ரூபாயாக இருந்த மது வருவாய், 2023-24-இல் 45,800 கோடியைத் தாண்டியது. இந்த எண் ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் வெளிப்படையாகவே அச்சாகிறது; அதைப் படித்த மக்கள் கேட்கும் கேள்வியும் வெளிப்படையானது: விற்பனை கூடினால் லாபம் அடையும் ஒருவரே விற்பனையைக் குறைக்கவும் பொறுப்பாக இருக்க முடியுமா?

இந்த ஐயம்தான் விலை என்னும் கருவியைத் தமிழ்நாட்டில் முனை மழுங்கச் செய்திருக்கிறது. பொதுச் சுகாதார நோக்கில் விலையேற்றம் ஒரு கட்டுப்பாடு. ஆனால் குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் கூடும் ஒவ்வொரு முறையும் தமிழ்நாட்டில் அது கஜானாவை நிரப்பும் வேலையாகவே பார்க்கப்படுகிறது. குடிப்பவர்கள் அதைச் சுரண்டல் என்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் சொல்வது வேறு: அவர் குடிப்பது குறையாது, வீட்டுக்குத் தரும் காசுதான் குறையும். அச்சிட்ட விலைக்கு மேல் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பிடுங்கப்படுவது எல்லாரும் அறிந்த புகாராக நிலைத்துவிட்டதால், அரசு அறிவிக்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் உள்ள உறவே குலைந்திருக்கிறது. விலை உயர்வின் பணம் மது அடிமை மீட்பு மையங்களுக்கோ பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கோ நேராகப் போகும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தால் மக்களின் விடை எப்படி இருந்திருக்கும் என்பது கேட்கப்படாமலே கிடக்கும் கேள்வி.

அரசு ஏகபோகம் என்ற ஏற்பாடே இந்த அவநம்பிக்கைக்குக் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. சுவீடனில் பாட்டில் மது, ஒயின் விற்பனை ஏறத்தாழ முழுவதும் சிஸ்டம்போலாகெட் என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கடைகள் சனிக்கிழமை பிற்பகலில் மூடப்பட்டு ஞாயிறு முழுவதும் மூடியே இருக்கும். 20 வயது நிரம்பாதவருக்கு விற்பதில்லை. தள்ளுபடியும் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற கவர்ச்சியும் கிடையாது. லாபத்தைப் பெருக்குவது அதன் நோக்கம் அல்ல என்பது சட்டப்படியே வரையறுக்கப்பட்டது. நூற்றாண்டு திரும்பிய வேளையில் அங்கே இந்த ஏகபோகத்துக்கான மக்கள் ஆதரவு ஏறத்தாழ சரிபாதிக்கு இறங்கியிருந்தது. 2001-இல் நாடு முழுவதும் சனிக்கிழமையிலும் கடை திறக்கும் சிறு சலுகையை அளித்து, கடைகளின் சேவையையும் சீர்படுத்தியபின், ஆதரவு படிப்படியாக ஏறி நான்கில் மூன்று பங்கைத் தொட்டது. மது விற்கும் அரசு நிறுவனம் ஒன்று மக்களின் நன்மதிப்பைப் பெற முடியும் என்பதற்கும், அது எந்த நிபந்தனைகளின் பேரில் கிடைக்கிறது என்பதற்கும் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. தமிழ்நாட்டிலோ, இருட்டான சந்தில், கம்பிக் கதவின் சிறு துளை வழியே காசை நீட்டிப் பாட்டிலைப் பெற்று, பக்கத்துப் பாரின் அழுக்குத் தரையில் நின்று குடித்துவிட்டு வர வேண்டிய நிலையில் வைக்கப்பட்டிருப்பவரும், அந்தச் சந்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் பெண்ணும், விற்பனையாளரான அரசு தங்கள் நலனை எண்ணுகிறது என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் தரப்படவில்லை.

தேர்தலே மக்கள் கருத்தின் உரைகல் என்போர் உண்டு. 1992-இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில், முதியோர் கல்வி வகுப்புகளிலிருந்து பிறந்த சாராய எதிர்ப்பு இயக்கம் தூபகுண்டா என்ற சிற்றூரிலிருந்து மாநிலம் முழுவதும் பரவி, 1993-இல் சாராயத் தடையையும், என்.டி.ராமராவ் 1994 இறுதியில் வென்று வந்தபின் முழு மதுவிலக்கையும் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டுகளில், 1997-இல், வருவாய் நெருக்கடியைக் காட்டி அது கைவிடப்பட்டது. ஹரியானாவில் 1996-இல் மதுவிலக்கு வாக்குறுதியால் ஆட்சிக்கு வந்த பன்சிலால், 1998 நாடாளுமன்றத் தேர்தலில் தம் கட்சி படுதோல்வி அடைந்ததும் அதே வாக்குறுதியைத் திரும்பப் பெற்றார். பீகாரில் பெண் வாக்காளர்களுக்கு நிதிஷ்குமார் அளித்த உறுதி 2016 ஏப்ரலில் சட்டமாகி இன்றும் நிற்கிறது. கேரளத்தில் 2014 முதல் மதுக்கூடங்களை மூடிய அரசு 2016-இல் தோற்றது. அடுத்து வந்த அரசு அக்கொள்கையைத் தளர்த்தியது. இவ்வளவு முரண்பட்ட முடிவுகளிலிருந்து மதுவைப் பற்றிய மக்களின் தீர்ப்பு எது என்று எவராலும் பிரித்தெடுக்க முடியாது, ஏனெனில் வாக்காளர் ஒரே பொத்தானை அழுத்திப் பத்துக் கேள்விகளுக்கு விடை சொல்கிறார்.

தமிழ்நாட்டின் 2016 சட்டமன்றத் தேர்தல் இதற்கு இன்னும் கூர்மையான சான்று. முந்தைய ஆண்டு ஜூலை 31-இல், கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்ததும், அதைத் தொடர்ந்து மாணவர்கள் தெருவுக்கு வந்ததும், மதுவிலக்கை முதன்மையான தேர்தல் பொருளாக்கின. திமுக, பாமக, மக்கள் நலக் கூட்டணிக் கட்சிகள் அனைத்தும் மதுவிலக்கை உறுதியளித்தன. அதிமுக படிப்படியான மதுவிலக்கு என்றது. எல்லாரும் ஒன்றையே உறுதியளித்ததால் அதில் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்கவில்லை. நெடுங்காலமாக அதைத் தன் தலையாய கோரிக்கையாகக் கொண்டிருந்த பாமக ஓரிடத்திலும் வெல்லவில்லை. இதைக் காட்டி மக்களுக்கு மதுவிலக்கில் அக்கறை இல்லை என்று அன்று எழுதியவர்கள், தேர்தலின் விடையை அடுத்த ஓராண்டுக்குள் தெருவில் கிடைத்த விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தவறினார்கள்.

அந்தத் தெருவின் விடை 2017-இல் வந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-இல் அளித்த தீர்ப்பு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் ஏற்படும் விபத்துகளைத் தடுப்பதை நோக்கமாகக் கொண்டது. சிறு ஊர்களுக்கு அந்தத் தூரம் 220 மீட்டராகப் பின்னர் குறைக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 1-இல் தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் இதனால் மூடப்பட்டன. அவற்றை வேறு இடத்தில் திறக்க அதிகாரிகள் இடம் தேடியபோது, நெடுஞ்சாலையிலிருந்து விலகிய ஒவ்வோர் அடியும் குடியிருப்பை நோக்கிய அடியாக இருந்தது. வாடகைக்கு எடுத்த கட்டடத்தில் சரக்குப் பெட்டிகள் இரவோடு இரவாக இறங்கின. காலையில் தண்ணீருக்குக் குடத்துடன் வந்த பெண்கள் அதைக் கண்டார்கள். அன்று மாலைக்குள் கடை வாசலில் பந்தல் எழுந்தது. வடக்கே வேலூர் தொடங்கித் தெற்கே திருநெல்வேலி வரை, கட்சிக் கொடியின்றி, அழைப்பு விடுத்த தலைவர் இன்றி, பெண்கள் முற்றுகையிட்டார்கள், கடைக்கு முன் சோறு பொங்கினார்கள், சில இடங்களில் பாட்டில்களை உடைத்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் முற்றுகையிட்ட பெண்ணைப் போலீஸ் அதிகாரி அறைந்த காட்சி நாடு முழுவதும் பரவியது. கிராமசபைகள் தங்கள் எல்லைக்குள் கடை கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றின.

அந்தப் போராட்டங்களில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் கேட்டது முழு மதுவிலக்கு அல்ல. இங்கே வேண்டாம் என்பதே. தன் வாசலில் வேண்டாம், அடுத்தவன் வாசலுக்குப் போகட்டும் என்ற தன்னலம் இது என்று சொல்லப்பட்ட குறை மேலோட்டமானது. கடை தள்ளிப் போகும்போது, வாங்க ஆகும் நேரமும் செலவும் கூடுகின்றன. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் தற்செயலாகக் குடிப்பது குறைகிறது. பள்ளி விட்டு வரும் பெண் குழந்தைகள் குடித்தவர்களின் கூட்டத்தைக் கடக்க வேண்டியிருப்பதில்லை. கிடைப்பதைக் குறைத்தல் என்று நிபுணர்கள் பெயரிட்டு, பொதுக் கருத்தாய்வுகளில் ஆதரவே இல்லை என்று கவலைப்படும் அதே கொள்கையைத்தான் பெண்கள் பந்தல் போட்டுக் கேட்டார்கள். கேள்வி மாநிலத்தைப் பற்றியதாக இருந்தபோது கிடைக்காத ஆதரவு, தெருவைப் பற்றியதானபோது திரண்டு வந்தது.

சட்டம் இதற்குத் தந்த இடம் மிகவும் குறுகியது. 2003-ஆம் ஆண்டின் மதுச் சில்லறை விற்பனை விதிகள், மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டு இடம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக் கூடாது என்கின்றன. கோயிலும் பள்ளியும் அளவுகோலாகின்றன; வீடு அளவுகோலாகவில்லை. மதுக்கடைக்கு மிக அருகில், மிக நீண்ட நேரம், விட்டு விலக வழியின்றி வாழ்பவர்களின் குரல், தூரத்தை அளக்கும் நாடாவுக்குள்ளேயே வரவில்லை என்பது இந்த விதிகளின் ஆகப் பெரிய குறைபாடு. கிராமசபைத் தீர்மானத்துக்கு இவ்விவகாரத்தில் கட்டுப்படுத்தும் ஆற்றல் உண்டா என்ற வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடர்ந்து எழுந்ததும் இந்தக் குறைபாட்டின் விளைவே.

மகாராஷ்டிரம் இதற்கு வேறு வழி கண்டது. அங்கே ஓர் ஊரின் பெண் வாக்காளர்களில் 25 விழுக்காட்டினர் எழுத்து மூலம் கேட்டால், கடை வேண்டுமா என்று அரசு ரகசிய வாக்கெடுப்பு நடத்தும். வாக்குச்சீட்டில் எழுத்துக்குப் பதில் இரண்டு படங்கள்: நிற்கும் பாட்டில், படுத்துக் கிடக்கும் பாட்டில். நின்றால் கடை நீடிக்கும், படுத்தால் மூடப்படும். வாக்குப் போட வந்தவர்களில் பாதி போதாது, பட்டியலில் உள்ள மொத்த வாக்காளரில் பாதிக்கு மேல் வேண்டும் என்ற கடுமையான நிபந்தனையால் பல ஊர்களில் முயற்சி தோற்றதும் உண்மை. ராஜஸ்தானிலும் இத்தகைய விதி உண்டு; 2016-இல் ராஜ்சமந்து மாவட்டத்தின் கச்பலி ஊராட்சி அதன்படி வாக்களித்துக் கடையை மூடியது. இந்த ஏற்பாடுகள் மதுப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக எவரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால், கணவனும் கடைக்காரனும் உள்ளூர்க் கட்சிக்காரனும் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் கையைத் தூக்க வேண்டிய நிலையிலிருந்து பெண்ணை விடுவித்து, திரைக்குப் பின்னால் தனியாக முடிவெடுக்கும் உரிமையை அவை அளித்தன. சுவீடனில் 1922-இல் பெண்களின் வாக்கு தனியே எண்ணப்பட்டதன் பொருள், ஒரு நூற்றாண்டு கழித்து இந்தியச் சிற்றூரில் இப்படி வேறு உருவில் வந்து சேர்ந்தது.

கடையைக் குறைத்தால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது கட்டுப்பாட்டுக்கு எதிராக முன்வைக்கப்படும் மிக வலுவான வாதம். மக்கள் கருத்தை ஒரே வாரத்தில் இரு திசைகளில் இழுக்கும் வல்லமையும் அதற்கு உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, முழு மதுவிலக்கே தீர்வு என்ற குரலும், மலிவான நல்ல மது இல்லாததுதான் காரணம் என்ற குரலும், கள்ளைத் திறந்துவிட வேண்டும் என்ற குரலும் ஒரே நேரத்தில் எழுந்தன. மாநிலத்தில் 4,800 கடைகள் திறந்திருந்த காலத்தில் நிகழ்ந்த இறப்புகள் இவை என்பதால், கடை இருந்தால் கள்ளச்சாராயம் இராது என்ற வாதம் அப்படியே நிற்க முடியாது. பீகாரில் மதுவிலக்கின் கீழும் விஷச்சாராய இறப்புகள் நிகழ்ந்திருப்பதால், கடையே இல்லாவிட்டால் சாவு இராது என்பதும் நிற்காது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, சாராயம் விற்பவரை ஊரே அறிந்திருந்தும் காவல்துறையின் நடவடிக்கை வராமல் போவதுதான். சேலம், நாமக்கல் பக்கங்களில் மக்கள் சந்துக்கடை என்று அழைக்கும், டாஸ்மாக் பாட்டிலையே கூடுதல் விலைக்கு விடியற்காலையிலும் விற்கும் இடங்களும் இதே வகையைச் சேர்ந்தவை. நண்பகல் 12 மணிக்குத்தான் கடை திறக்கும் என்ற 2016-ஆம் ஆண்டுக் கட்டுப்பாடு நல்லதுதானா என்று கேட்டால், பெண்கள் பலர் சொல்லும் மறுமொழி சந்துக்கடையை யார் மூடுவது என்ற எதிர்க்கேள்வியாக இருப்பது வியப்புக்குரியதன்று. கள்ளைப் பற்றிய கருத்தோ, குடியைவிடப் பனை, தென்னைத் தொழிலாளரின் பிழைப்பைச் சார்ந்து பிரிகிறது. அண்டை மாநிலங்களில் அது சட்டப்படி இறக்கப்படும்போது இங்கே மட்டும் குற்றமாக இருப்பதன் நியாயத்தை எந்த அரசும் அத்தொழிலாளருக்கு விளக்கியதில்லை.

இந்நிலையில், 2016 மே 23-இல் பிறப்பித்த உத்தரவால் ஜெயலலிதாவும், 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமியும், 2023 ஜூன் 22 முதல் மு.க.ஸ்டாலின் அரசும் கடைகளை மூடியபோது, மூன்று முறையும் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தது: 500. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஆட்சிகளில், மக்களின் கருத்துக்குச் செவிசாய்த்ததாகச் சொல்லி எடுக்கப்பட்ட முடிவுகள் ஒரே முழு எண்ணில் வந்து நின்றதற்கு, எண் கோட்டையில் முடிவான பிறகே இடம் தேடப்பட்டது என்பதைத் தவிர வேறு விளக்கம் காண்பது கடினம். எந்த 500 என்பதைத் தீர்மானித்ததில் அந்தக் கடைகளைச் சுற்றி வாழ்பவர்களுக்குப் பங்கு இருந்ததில்லை. ஒரு வட்டாரத்துப் பெண்களில் நால்வரில் ஒருவர் கையெழுத்திட்டுக் கேட்டால் ரகசிய வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்ற ஒரே ஒரு விதியை 2003-ஆம் ஆண்டின் விதிகளில் சேர்ப்பதற்குச் சட்டமன்றத்தின் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. அரசின் அறிவிக்கை ஒன்றே போதும்.